பதினான்காவது ஸ்லைடு

பகலில் மின்சார எஞ்சின் ஓடினால் எங்கள் ரப்பர் தோட்டத்தில் யாரோ செத்துவிட்டார்கள் என்று பொருள். லயத்து வரிசை வீடுகளுக்கு மின்சாரம் மாலை ஆறு மணிக்கு வரும், பத்து மணிக்குப் போய்விடும். மற்ற நேரமெல்லாம் அந்த எஞ்சின் கொட்டகைக்குள் தூங்கும். சாவு விழுந்தால் மட்டும், விளக்குக்கும் ஒலிபெருக்கிக்கும் வேண்டுமே என்று, தோட்டத்தை நிர்வாகம் செய்த தொரை அதைப் பகலில் ஓட்டச் சொல்வார். ஆகவே அந்தக் காலை, கணக்குப் பாடத்தின் நடுவில், சிமெண்டுத் தரை வழியாக அதிர்வு பாதத்தில் ஏறியபோது ஐந்தாம் ஆண்டு வகுப்பின் இருபத்து மூன்று பேரும் பென்சிலை நிறுத்தினோம். ஒவ்வொருவரும் தன் வீட்டு ஆட்களை மனத்துக்குள் எண்ணிப் பார்த்தோம்.

அன்று யாரும் சாகவில்லை. சார் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

சார் புதியவர். கோலசிலாங்கூர் டவுனிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவார், கழுத்தில் கேமரா ஆட. பெட்டிக்குள் இருந்தது படம் காட்டும் மெஷின். கல்வி அலுவலகத்திலிருந்து இரவல் வாங்கி, பழைய போர்வையில் சுற்றி, பின் சீட்டில் கட்டி, சிவப்பு மண் சாலையில் நடக்கும் வேகத்தில் ஓட்டிவந்தாராம். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியிடம் பேசி ஒரு மணி நேரம் எஞ்சின் கேட்டிருந்தார். எஞ்சின் கொட்டகையிலிருந்து சன்னல் வழியாக ஒரு நீள வயர் வகுப்புக்குள் வந்தது. சன்னல்களில் காலி உரச் சாக்குகளை ஆணியடித்துத் தொங்கவிட்டோம். அந்தச் சாக்கின் காரம் கண்ணில் நீர் வரவைக்கும். இருட்டியதும் இருபத்து மூன்று பேரின் தேங்காயெண்ணெயும் வேர்வையும் உரமும் ஒன்றாகி மூச்சை அடைத்தன.

சுவரில் ஒரு வெள்ளை வேட்டி. மெஷினுக்குள் காற்றாடி உறுமியது. வட்டத் தட்டு ஒரு பல் நகர்ந்தது. கிளக்.

கோலசிலாங்கூர் குன்றின் மேலிருக்கும் கலங்கரை விளக்கம் தலைகீழாகத் தொங்கியது. பையன்கள் சிரித்தார்கள். சார் அந்தச் சின்னச் சதுரத்தை எடுத்துத் திருப்பிப் போட்டார். கலங்கரை விளக்கம் நிமிர்ந்தது, வகுப்பு அடங்கியது. எங்கள் தோட்டத்திலிருந்து அது எட்டுக் கட்டை, அதாவது எட்டு மைல்கூட இல்லை. ஆனால் எங்களில் பாதிப்பேர் அன்றுதான் முதன்முதலாக அதைப் பார்த்தோம்.

படக்காட்சியின் தொல்லைகளைச் சொல்வதென்றால் நிறையவே சொல்லலாம். இருட்டில் எழுதிக்கொள்ள முடியாது. கடைசி வரிசை தூங்கிவிடும். எவனாவது ஒளிக்கு நடுவே கையை நீட்டி நாய் செய்வான், ஆற்று முகத்துவாரத்தில் நாய் வாய் பிளக்கும். விளக்கின் சூட்டில் படம் உள்ளேயே உப்பிக்கொண்டு மங்கிப்போகும். சார் ஓயாமல் லென்சைத் திருகித் தெளியவைப்பார். புத்தகம் என்றால் பிடிக்காத பக்கத்தைப் புரட்டிவிடலாம். இங்கே இன்னொருவர் கட்டைவிரல் அசையும்வரை உனக்கு விடுதலை கிடையாது. ஆனாலும் புத்தகத்தில் இருந்த வயல் எங்கோ, யாருடையதோ. சாரின் ஸ்லைடில் இருந்தது எங்கள் வெயில். தஞ்சோங் காராங் வாய்க்காலின் மதகைப் பார்த்தபோது எனக்குத் தாகம் எடுத்தது. இப்போது நானும் வகுப்பில் படம் காட்டுகிறவள்தான். அந்தத் தாகத்தை ஒருநாளாவது யாருக்காவது தந்திருக்கிறேனா, தெரியவில்லை.

எல்லாப் படமும் சார் விடுமுறையில் எடுத்தவை. ஒவ்வொன்றின் அட்டை ஓரத்திலும் இடமும் கிழமையும் நேரமும் எழுதி வைத்திருந்தார். மெஷினில் விழுமுன் அதை உரக்கப் படிப்பது அவர் வழக்கம். "எங்க, எப்பன்னு தெரியாத படம் வெறும் அலங்காரம்டா" என்பார்.

பதின்மூன்றாவது கொக்குகள். பதினான்காவதை அவர் படித்தார்.

"செகிஞ்சான். செவ்வாய்க்கிழமை. காலை எட்டரை. நாற்று நடவு."

கிளக்.

சேற்றில் ஆறு பெண்கள். ஐந்து பேர் குனிந்திருந்தார்கள், கூம்புத் தொப்பிகள் மட்டும் தெரிந்தன. ஆறாவது ஆள் ஒரு கையில் நாற்றுமுடியோடு இடுப்பைப் பிடித்து நிமிர்ந்து, நேராக எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலையில் தொப்பி இல்லை. நீலக் கட்டம் போட்ட துண்டை நெற்றி மறைய இழுத்து, முடிச்சை இடது காதுக்கு மேலே போட்டிருந்தாள்.

அம்மா.

சுவர் உயரத்துக்கு அம்மா. அவள் கண்ணிமை என் உள்ளங்கை அளவு இருந்தது.

பக்கத்தில் இருந்தவள் என் தொடையைக் கிள்ளினாள். "ஏய், உங்கம்மாலா அது."

"இல்ல."

"என்னா இல்ல. அந்தத் துண்டு உங்க வீட்டுக் கொடில காயிறத நான் தினம் பாக்குறேன்."

"வாய மூடு."

அவள் மூடிக்கொண்டாள். அதுவே எனக்கு இன்னும் பயத்தைத் தந்தது. அவள் வீட்டிலும் அந்த லோரி ஏறுகிறவர்கள் உண்டு.

லோரி விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நடவுக் காலத்தில் செகிஞ்சானிலிருந்து ஒரு குத்தகைக்காரரின் லோரி விடியுமுன் எங்கள் தோட்டத்து முச்சந்திக்கு அப்பால், புளியமரத்து இருட்டில், விளக்கை அணைத்துக்கொண்டு நிற்கும். ஏறுகிற பெண்கள் முதல் நாளே தோட்டத்து மருந்தகத்தில் முதுகுவலி என்று சொல்லி எம்சி, அதாவது நோய் விடுப்புச் சீட்டு, வாங்கியிருப்பார்கள். முதுகுவலி பொய்யும் இல்லை. ஆனால் எம்சியில் படுத்திருக்க வேண்டியவள் வெளிவேலை பார்த்தாள் என்று தெரிந்தால் தோட்டத்துப் பதிவிலிருந்து பேரை வெட்டிவிடுவார்கள். பேர் வெட்டினால் வீடும் போய்விடும். அப்பா போர்ட் கிள்ளானில் கப்பல் சாமான் இறக்கப் போயிருந்தார், அந்த மாதம் வரவுமில்லை. எங்கள் லயத்து வீடு அம்மாவின் பேரில் இருந்தது. எதிர் லயத்தில் ஒரு குடும்பம் பேர் வெட்டப்பட்டுப் போனதை நான் பார்த்திருக்கிறேன். அடுப்பு இன்னும் சூடாக இருந்தது, லோரியில் அம்மிக்கல்லுக்குப் பக்கத்தில் அவர்கள் பிள்ளை உட்கார்ந்திருந்தது. அது எங்கே போயிற்று என்று பிறகு யாரும் சொல்லவில்லை.

விடுமுறையில் வந்த அந்தச் செவ்வாய்க்கிழமை முழுதும் நான் எங்கள் வீட்டு வாசலில் குத்தவைத்துக் காவல் இருந்தேன். "யாராச்சும் கேட்டா அம்மா படுத்திருக்குன்னு சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். மூன்று பேர் கேட்டார்கள். மூன்று பேரிடமும் சொன்னேன். மூடிய கதவுக்குப் பின்னால் யாருமில்லாத பாயை நினைத்தபோது, நான் சொன்னதே நிஜமாகி அம்மா உள்ளே அசையாமல் கிடப்பதுபோல் இருந்தது.

இப்போது அந்தச் செவ்வாய்க்கிழமை சுவரில் நின்றது, கிழமையோடும் நேரத்தோடும்.

காட்சி முடிந்து சாக்குகளைக் கழற்றும்போது சார் சொன்னார், பகலில் எஞ்சின் கொடுத்த தொரைக்கு நன்றி காட்ட வேண்டும் என்று. வெள்ளிக்கிழமை மாலை, ரப்பர் பாலை நிறுத்து முடிந்ததும், தொரை, கிராணி, பெற்றோர் எல்லாருக்கும் இதே படங்களை மறுபடி காட்டப்போகிறாராம்.

எல்லாரும் போன பிறகு அவர் மேசையருகே போய் நின்றேன்.

"என்னாம்மா?"

"சார், அந்த நாத்து நடுற படம்..."

"புடிச்சிருந்துச்சா? எனக்கும் அதான் ரொம்பப் புடிச்ச படம். அந்தம்மா நிமிந்து பாக்குறாங்க பாத்தியா, அப்படி ஒரு நொடி எப்பவாச்சும்தான் கெடைக்கும்."

அவருக்கு எங்கள் அம்மாவைத் தெரியாது. லயத்துப் பக்கம் அவர் வந்ததே இல்லை. சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அவர் பகலில் கிராணி வீட்டில்தான் சாப்பிடுகிறார். வாய் தவறி ஒரு சொல் விழுந்தால் போதும். "ஆமா சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன். மெஷினும் ஸ்லைடுகளும் தலைமையாசிரியர் அலமாரியில் பூட்டப்படும் சத்தம் முதுகுக்குப் பின்னால் கேட்டது.

அந்தப் புதன்கிழமை இரவு சோறு இறங்கவில்லை. வியாழக்கிழமை அம்மா பால்வாளி கழுவிக்கொண்டிருந்தபோது சொன்னேன். வாளிக்குள் சுற்றிக்கொண்டிருந்த கை நின்றது.

"மூஞ்சி தெரியுதா?"

"தெரியுது."

"நல்லா தெரியுதா?"

"சுவரளவு தெரியுதும்மா."

வாளியை ஒரு சுற்று அலசினாள். பிறகு, "சிரிச்சிருக்கேனா?" என்று கேட்டாள்.

"இல்ல. வெயிலுக்குக் கண்ணச் சுருக்கியிருக்க. நாளைக்கு வராதம்மா. மேலுக்கு முடியலன்னு சொல்லிரு."

"மறுபடியும் முடியலன்னா?" அம்மா வாளியைக் கவிழ்த்தாள். "இன்னிக்குப் பெரட்டுல கிராணி எல்லாரையும் வரச் சொல்லிட்டாரு. வராதவ யாருன்னு மொத ஆளா பாப்பாரு. வேற துண்டு கட்டிட்டு வர்றேன்."

துண்டை மாற்றலாம், முகத்தை எங்கே மாற்றுவது. பெரட்டு என்பது விடியுமுன் ஆள் எண்ணும் இடம். அந்த இருட்டில் நிற்கும் நூறு பெண்களைக் கிராணி அறிவார். அவருடைய டார்ச் முகத்துக்கு ஏறுமுன்பே தலைத்துண்டின் முடிச்சைப் பார்த்துப் பேரைச் சொல்லிவிடுவார். கோபக்காரர் இல்லை. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அவரிடம் ஒரு புத்தகம் இருந்தது, அதில் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பேருக்கும் நேரே ஒரு குறி.

வெள்ளிக்கிழமை எஞ்சின் மறுபடி அதிர்ந்தது. தொரையும் கிராணியும் நாற்காலியில், தாய்மார்கள் பின்சுவரோரம் நின்றபடி, நாங்கள் முன்னால் தரையில். மின்சார வயர் என் வலக்காலை ஒட்டியே போய், எனக்குப் பக்கத்தில் ஒரு பிளக்கில் மெஷினின் வயரோடு சேர்ந்தது. திரும்பிப் பார்த்தேன். அம்மா பச்சைத் துண்டு கட்டியிருந்தாள். முடிச்சு இடது காதுக்கு மேலேயே இருந்தது. முப்பது வருஷத்துக் கை, தானாகப் போட்ட முடிச்சு. எடுத்துவிடு என்று கண்ணால் சொன்னேன். சாக்கை இழுத்துவிட்டார்கள், இருட்டிவிட்டது.

நான் படங்களைப் பார்க்கவில்லை. எண்ணினேன். ஒவ்வொரு கிளக்கும் விலாவில் விழுந்தது. ஐந்து, ஆறு. தொரை கைக்கடிகாரத்தை ஒளியில் சாய்த்துப் பார்த்தார். ஒன்பது. யாரோ நாய் செய்ய, சார் அதட்டினார். எஞ்சின் நின்றுவிடாதா என்று பிள்ளையாரிடம் கேட்டேன். யாராவது செத்துப்போகட்டும், காட்சி நின்றுவிடும் என்றும் ஒரு கணம் நினைத்தேன். நினைத்த உடனே அது அம்மாவாகவே ஆகிவிடுமோ என்று பதறி அந்த நினைப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். பன்னிரண்டு. பதின்மூன்று, கொக்குகள்.

"செகிஞ்சான். செவ்வாய்க்கிழமை. காலை எட்டரை. நாற்று நடவு."

முதலில் பச்சையும் பழுப்புமாய் ஒரு குழம்பல். சார் லென்சைத் திருகினார். தொப்பிகள் தெளிந்தன, சேறு தெளிந்தது, அம்மாவின் கண் தெளிந்தது. பின்சுவரிலிருந்து மூச்சு இழுக்கும் சத்தம். பெண்கள் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

கிராணி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். சட்டை நுனியில் துடைத்தார், நிதானமாக, ஒரு பக்கம், பிறகு மறுபக்கம். அந்த நேரத்தில் சூட்டில் ஸ்லைடு உப்பி, அம்மாவின் முகம் தண்ணீருக்குள் போவதுபோல் மங்கியது. எனக்கு உயிர் வந்தது. இப்படியே இருக்கட்டும், இப்படியே அடுத்தது வரட்டும். கிராணி கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"சார், கொஞ்சம் கிளியர் பண்ணுங்க."

"இதோய்யா." சாரின் கை லென்சுக்குப் போனது.

என் கால் உதைத்தது. நான் உதைத்தேன் என்று எழுதத்தான் வேண்டும், ஆனால் முதலில் நகர்ந்தது கால்; நான் அப்புறம்தான் வந்து சேர்ந்தேன். பிளக் பிரிந்தது. சுவர் செத்தது. காற்றாடியின் உறுமல் இறங்கி இறங்கி நின்றது.

"யாரும் அசையாதீங்க, வயர் இருக்கு" என்றார் சார். நெருப்புக்குச்சி கிழித்து, தவழ்ந்து வந்து, என் காலடியில் தடவிக் கண்டுபிடித்தார். அவர் விரல் என் குதிகாலில் பட்டது. பிளக்கைச் சேர்த்தார். மெஷினுக்குள் நீல வெளிச்சம் ஒன்று வெட்டி, டப் என்று வெடித்தது. கருகிய வாடை வந்தது. அந்த விளக்கைச் சூட்டோடு அணைக்கவே கூடாது, காற்றாடி ஓடி அது ஆறவேண்டும் என்று புதன்கிழமைதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்.

சாக்குகளை விலக்கினார்கள். வெளிச்சத்தில் சாரின் முகத்தைப் பார்த்தேன். இரவல் மெஷினைக் கையில் பிடித்துக்கொண்டு, கூட்டத்தில் குழந்தையைத் தொலைத்தவர்போல் நின்றார். தொரை எழுந்து, நன்றாக இருந்தது என்று மலாயில் சொல்லி, இரண்டு முறை கைதட்டிவிட்டு வெளியேறினார். கிராணி பின்னாலேயே போக வேண்டியிருந்தது. வாசலில் நின்று திரும்பினார்.

"அந்தப் படம் நீங்களே எடுத்ததா சார்?"

"ஆமாங்கய்யா."

"ம்." அவர் பெண்கள் பக்கம் பார்க்கவில்லை.

லயத்துக்கு நடக்கும்போது அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"நீதான ஒதைச்ச?"

"கால் பட்டுருச்சு."

"பட்டுருச்சா." செம்மண்ணில் பத்து அடி. "நல்லா பாக்கவே வுடலயே. அம்மாம் பெருசா என்னைய நான் எப்பப் பாக்கப்போறேன்." பிறகு, கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, "ரொம்பக் கறுத்துத்தான் போய்ட்டேன்" என்றாள். எனக்கு அழுகை வந்தது. அவளுக்குப் பயமே இல்லையோ என்று கோபமும் வந்தது. வீட்டுக்குள் போனதும் அவள் தகரப்பெட்டியைத் திறந்து துணிகளை மடித்து அடுக்க ஆரம்பித்தாள். அடியில் இருக்கவேண்டியது அடியில், மேலே இருக்கவேண்டியது மேலே. அவளுக்கும் பயம்தான் என்று அப்போது தெரிந்தது.

மறுநாள் விடியுமுன் அவள் கிளம்பியதும் நான் பின்னாலேயே போய், பெரட்டுக் களத்தின் ஓரத்தில், கால்வாய்க்குள் குனிந்து உட்கார்ந்தேன். தண்ணீர் கணுக்காலைச் சில்லிட வைத்தது. கிராணி பேர் படித்தார். டார்ச் ஒவ்வொரு முகமாக நகர்ந்தது. மேற்பார்வை பார்க்கும் மண்டோர் பக்கத்தில் நின்று, இன்று யாருக்கு எந்த ரப்பர் காடு என்று சொல்லிக்கொண்டிருந்தார். அம்மாவின் முறை வந்தது. பேர் வரவில்லை. டார்ச் அவள் முகத்தில் நின்றது, பிறகு துண்டுக்கு ஏறி, முடிச்சில் நின்றது. பழைய நீலத் துண்டையே கட்டியிருந்தாள்.

"முதுகு எப்படி இருக்கு?" என்றார் கிராணி.

"பரவால்லங்கய்யா."

"எம்சியில நல்லா ரெஸ்ட் எடுத்தியா?"

பக்கத்தில் நின்ற பெண்கள் தரையைப் பார்த்தார்கள். அவர் புத்தகத்தைப் பல பக்கம் பின்னுக்குப் புரட்டினார். ஒரு இடத்தில் விரலை வைத்தார். அந்த விரல் எவ்வளவு நேரம் அங்கே இருந்தது என்று எனக்கு இன்றும் சொல்லத் தெரியாது. பிறகு பக்கங்களைத் திருப்பிக்கொண்டுவந்து, அவள் பேரைப் படித்தார். குறி போட்டார்.

"இனிமே ஒனக்கு முதுகு வலிக்கக்கூடாது" என்றார், எல்லாருக்கும் கேட்கும் மெல்லிய குரலில். அடுத்த பேருக்குப் போனார்.

வீடு எங்களிடமே இருந்தது. சார் மெஷினைப் போர்வையில் சுற்றி அதே வேகத்தில் திருப்பிக் கொண்டுபோனார். யார் கால் என்று அவர் கேட்கவே இல்லை. என் குதிகால் அவருக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். அதன்பிறகு வகுப்பில் படம் இல்லை. மதகும் முகத்துவாரமும் புத்தகத்தில் கறுப்புக் கோடுகளாக மட்டும் வந்தன. நானும் ஒன்றும் சொல்லவில்லை. வருஷக் கடைசியில் அவர் மாற்றலாகிப் போனார்.

அம்மா பிறகு எம்சி எடுக்கவில்லை. நான் இடைநிலைப் பள்ளியில் படிவம் ஒன்றுக்குப் போன வருஷம் மழைக்காலத்தில் அவளுக்கு நாலு நாள் காய்ச்சல் கண்டது. மருந்தகம் பெரட்டுக் களத்திலிருந்து இருபது அடி தூரம்தான். ஐந்து மணிக்கு எழுந்து, சுவரைப் பிடித்து நின்று, துண்டைக் கட்டப் பார்த்தாள். விரல் நடுங்கி முடிச்சு விழவில்லை. நான் கட்டிவிட்டேன். அவள் தலை என் கையில் கொதித்தது. "போகாதம்மா" என்றேன். "விடிஞ்சா சரியாப் போயிரும்லா" என்று சொல்லிவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு, பேர் படிக்கும் இடத்துக்கு நடந்தாள்.